தலைவர் ஏன் நோயாளியைத் தொடுவதில்லை?

கூடங்குளம் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்குமுன், 2012 ஜூனில் பக்கத்து ஊரான நக்கனேரியில் அவசரகால ஒத்திகை நடந்தது.  

அவசரகால ஒத்திகைகளில் இன்னொரு வகை, பலர் காயமடைந்ததாக வைத்து நடக்கும் மருத்துவ ஒத்திகை. அதைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று விசித்திரமாகப் படும். குழுத்தலைவர் யாருக்கும் கட்டுப்போட மாட்டார். கையில் பேனா, எதிரே வெள்ளைப்பலகை, அவ்வளவுதான்.

ஏன்? மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது ஏறக்குறைய 4 தகவல்களைத்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். ரத்தக்காயத்தை அழுத்திப் பிடித்திருப்பவரின் காதில் ஆம்புலன்ஸ் கணக்கு ஏறாது. அதனால் கணக்கு பலகைக்குப் போகிறது: சிவப்பு (உடனே சிகிச்சை வேண்டியவர்) எத்தனை, மஞ்சள் (சற்றுப் பொறுக்கக்கூடியவர்) எத்தனை, வண்டி எத்தனை. நோயாளியின் பெயரோ முழு விவரமோ அங்கே தேவையில்லை.

நிறம் பிரிப்பது எப்படி? கலிபோர்னியாவில் 1983-இல் உருவான 'ஸ்டார்ட்' முறையில், நடந்து வருபவர் பச்சை (காத்திருக்கலாம்). நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. சொன்னதைச் செய்ய முடியாதவரும் சிவப்பு.

உத்தரவும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். மூன்று சிவப்பு நோயாளிகளை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப "சிவப்பு 3, ஆசாரிப்பள்ளம்" என்று தலைவர் சொன்னால், வாக்கிடாக்கியில் "சிவப்பு 3, ஆசாரிப்பள்ளம், சரிங்க சார்" என்று திரும்பி வர வேண்டும். வெறும் "சரி" செல்லாது. வள்ளியூர்ப் பக்கம் விபத்து என்றால் எல்லா வண்டியும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கே ஓடிவிடக் கூடாது அல்லவா?

நடுவில் ஒத்திகையை நடத்துபவர்கள் வேண்டுமென்றே வதந்தி விடுவதும் உண்டு: "ஒரு பஸ்ஸும் கவிழ்ந்திருச்சாம்!" தேர்ந்த தலைவர் உடனே வண்டி அனுப்ப மாட்டார். "பார்த்தது யாரு?" என்பார்.