குரைக்க மறக்கும் விதிகள்

மென்பொருள் உலகில் கொள்கலன் என்பது ஒரு செயலியையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொதி. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, லொறியில் கடுகண்ணாவ ஏற்றம் ஏறிக் கண்டிக்கு வரும் இரும்புப் பெட்டியின் பெயரைத்தான் அதற்கும் வைத்தார்கள். பெட்டிக்குள் இருப்பது துணியா தளபாடமா என்பது லொறிக்குத் தேவையில்லை. அதேபோல் பொதிக்குள் இருக்கும் மென்பொருள் எது என்பதும் அதைச் சுமக்கும் சேவையகத்துக்குத் தேவையில்லை. 2013இல் டொக்கர் என்ற மென்பொருள் வெளிவந்ததும் இந்த முறை வேகமாகப் பரவியது. 2014இல் கூகுள் அறிமுகப்படுத்திய கூபர்நெட்டிஸ், ஆயிரக்கணக்கான கொள்கலன்களை ஒரே கட்டுப்பாட்டில் வைத்து நடத்த வழி செய்தது.

ஆனால் இரும்புப் பெட்டி என்ற உவமை பாதுகாப்பு விடயத்தில் ஆளை ஏமாற்றும். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்கள் தங்கும் போடிங் வீடுகளே இதற்குப் பொருத்தமான உவமை. அங்கே அறைக்கு அறை தனிப் பூட்டு உண்டு. தண்ணீர்த் தாங்கியும் மின்மானியும் வீட்டுக்கே ஒன்றுதான். ஒரே கணினியில் இயங்கும் கொள்கலன்கள் யாவும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரே கருவைத்தான் பகிர்கின்றன. கோப்பைத் திறக்க வேண்டுமானாலும், வெளியுலகோடு தொடர்பு கொள்ள வேண்டுமானாலும், புதிய நிரலொன்றை இயக்க வேண்டுமானாலும் அந்தக் கருவிடம் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் முறைமை அழைப்பு. எல்லோரும் தண்ணீருக்கு ஒரே குழாயடிக்கு வருவதால், காவலாளி ஒருவர் அங்கே நின்றாலே வீட்டின் நடமாட்டம் முழுவதையும் பார்த்துவிடலாம்.

கொள்கலன் பாதுகாப்புக் கண்காணிப்பு நடப்பது அந்தக் குழாயடியில்தான். இதற்கென உள்ள கருவிகளில் பரவலாக அறியப்பட்டது ஃபால்கோ. இத்தாலிய மொழியில் அதற்குப் பருந்து வகைப் பறவை என்று பொருள். சிஸ்டிக் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்தத் திறந்த மூல மென்பொருள் 2018இல் மேகக் கணிமைத் திட்டங்களைப் பராமரிக்கும் பொது அமைப்பிடம் கையளிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் முதிர்ந்த திட்டம் என்ற தகுதியையும் பெற்றது. முறைமை அழைப்புகள் ஓடும்போதே அது அவற்றை விதிகளோடு ஒப்பிடும். விதி என்பது சில வரிகள் கொண்ட எழுத்துக் கோப்புதான். அதில் விதியின் பெயர், நிபந்தனை, எச்சரிக்கையில் வரவேண்டிய வாசகம், அவசரத்தின் அளவு ஆகியவை இருக்கும். ‘கொள்கலனுக்குள் யாரோ முனையத்தோடு கட்டளை ஓட்டைத் திறந்தால் அறிவி’ என்பது அப்படி ஒரு விதி; கட்டளை ஓடு (ஷெல்) என்பது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல். கடவுச்சொற்களின் மறைகுறிகள் கிடக்கும் கோப்பைச் சம்பந்தமில்லாத நிரலொன்று படித்தால் அறிவிப்பது இன்னொன்று.

இத்தகைய விதிகளின் தேவையை உணர இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2, உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் இணைப்பு மென்பொருளைத் தயாரிக்கும், இலங்கையில் உருவான நிறுவனம். அதன் சில தயாரிப்புகளில், உள்நுழையாமலேயே சேவையகத்துக்கு எந்தக் கோப்பையும் ஏற்றக்கூடிய ஓட்டை இருப்பது 2022 ஏப்ரலில் பகிரங்கமானது. ஆபத்தின் அளவு 10க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது. நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டிருந்தும், அவற்றை உடனே பொருத்தாத இடங்களைத் தாக்குவோர் தேடி வந்தார்கள். கிரிப்டோ நாணயச் சுரங்க நிரல்களை ஏற்றி, பிறர் கணினியின் உழைப்பில் காசு பார்த்தார்கள். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை அதே மாதம் 25ஆம் திகதி அந்த ஓட்டையைத் தன் அவசரப் பட்டியலில் சேர்த்தது.

ஏற்றப்பட்ட கோப்பின் வழியாகத் தாக்குபவர் கட்டளை கொடுக்கும்போது, ஜாவா சேவையகம் ஒரு கட்டளை ஓட்டைத் திறக்கிறது. வழமையான நாளில் அது அப்படிச் செய்யவே செய்யாது. எனவே கண்காணிப்பு விதிக்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைக்காது. ஆனால் மேலே சொன்ன ‘முனையத்தோடு கட்டளை ஓடு’ விதி இதைப் பிடிக்காது. மனிதர் ஒருவர் விசைப்பலகையில் தட்டும்போதுதான் முனையம் இருக்கும். இணையம் வழியே கோப்பு திறக்கும் ஓட்டுக்கு அது இல்லை. ‘சேவையக நிரல் கட்டளை ஓட்டைப் பெற்றெடுத்தால்’ என்று வேறொரு விதி வேண்டும். அந்த விதியோ எந்தெந்தச் சேவையகங்கள் என்பதைப் பெயர்ப் பட்டியலாக வைத்திருக்கும். தான் நடத்தும் மென்பொருளின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் நிர்வாகிதான் சேர்க்க வேண்டும். பெயரில் பொருத்தமாகத் தெரியும் விதி, செயலில் வேறெதையோ காத்துக்கொண்டிருக்கலாம். ஓட்டிப் பார்க்காமல் இது தெரிய வராது.

இனி விதி எப்படிக் கெடுகிறது என்பது. கண்டியின் உடவத்தகலைக் காட்டின் ஓரத்தில் உள்ள வீடுகளுக்குக் குரங்குகள் நாள் தவறாமல் வரும். ஒவ்வொரு குரங்குக்கும் குரைக்கும் நாயை வீட்டார் அதட்டி அடக்குவார்கள். அடக்கப்பட்ட நாய் குரங்குக்கு மட்டும் மௌனமானதா, மதில் ஏறும் எவருக்குமே மௌனமாகிவிட்டதா என்பது கள்ளன் வரும்வரை தெரியாது. கண்காணிப்பு விதிக்கும் இதுவே நடக்கிறது. புதிய விதி முதல் வாரத்தில் நூறு பொய் எச்சரிக்கைகளைக் கொட்டும். காப்புப் பிரதி எடுக்கும் நிரல், தரவுத்தளத்தைச் சீராக்கும் நிரல் என்று ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கு சேர்க்கப்படும். மூன்றாவது மாதத்தில் எச்சரிக்கைகள் நின்றுபோகும். எல்லாம் சீராகிவிட்டதென்று பொறுப்பாளர் நிம்மதியடைவார். மற்ற மென்பொருள் பழுதானால் திரை உறையும், பயனர் தொலைபேசியில் அழைப்பார். காவல் விதி பழுதானால் அமைதி நிலவும், அவ்வளவுதான். அந்த அமைதிக்கும் உண்மையான பாதுகாப்புக்கும் திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. இந்தத் துறையின் மிகப் பெரிய ஆபத்து இதுவே.

பழுதுகள் பெரும்பாலும் சிறியவை. ‘அல்லது’ என்ற சொல்லைவிட ‘மற்றும்’ இறுக்கமாகப் பிணைக்கும் என்பதால், அடைப்புக்குறி ஒன்று விடுபட்டாலே நிபந்தனையின் பொருள் மாறிவிடும். பல விதிகள் பகிரும் பொதுத் துணுக்கு ஒன்றை ஒரு விதிக்காகத் திருத்தினால், அதை நம்பியிருந்த மற்ற விதிகளும் கூடவே சாயும். இன்னொன்று பலருக்கும் தெரியாது: லினக்ஸ் கரு ஒரு நிரலின் பெயரை 15 எழுத்துகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. இருபது எழுத்துள்ள பெயரை முழுமையாகத் தேடும் விதி என்றைக்கும் பொருந்தாது. இவை எதுவும் இலக்கணப் பிழையல்ல. கோப்பைச் சரிபார்க்கும் கருவி அத்தனையையும் ‘சரி’ என்றே அனுப்பிவிடும்.

இங்கேதான் பின்னடைவுச் சோதனை வருகிறது. மென்பொருள்காரர் இதை ரிகிரெஷன் டெஸ்ட் என்பார்கள். நேற்றுவரை சரியாக இயங்கியது இன்றைய மாற்றத்தால் கெட்டுவிட்டதா என்று, ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் பழைய பரீட்சை முழுவதையும் மறுபடி நடத்துவதே அது. கண்காணிப்பு விதிகளைப் பொறுத்தவரை பரீட்சை என்பது குற்றத்தை நடித்துக் காட்டுவது. இதற்காகவே ஃபால்கோ திட்டத்தினர் ஒரு நிகழ்வு உருவாக்கி நிரலை வைத்திருக்கிறார்கள். அது தடைசெய்யப்பட்ட கோப்பைப் படிக்கும், முறைமைக் கோப்புறையில் எழுதும், தகாத இடத்தில் கட்டளை ஓட்டைத் திறக்கும். பிறகு எதிர்பார்த்த எச்சரிக்கை வந்ததா என்றும் பார்க்கும். உண்மையாகவே ஆபத்தான செயல்களைச் செய்வதால், இதைத் தனியே ஒதுக்கிய பரிசோதனைக் கணினியில்தான் இயக்க வேண்டும்.

நடிப்புக்குப் பதிலாகப் பதிவையும் ஓட்டலாம். ஒரு சம்பவத்தின் முறைமை அழைப்புகளைக் கோப்பாகப் பதிந்துவைத்து, பிறகு எத்தனை தடவை வேண்டுமானாலும் விதிகளின் முன் ஓட விடலாம். கண்டிப் பிரதேச மக்கள் மழைக்காலத்தில் கேட்டுப் பழகிய மண்சரிவு எச்சரிக்கைகளும் விதிகள்தான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் உடனடி வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் படிநிலை. அப்படிப்பட்ட எல்லையொன்றை மாற்ற நினைப்பவர் பழைய மழைப் பதிவுகளைப் புதிய எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மாற்ற மாட்டார். கொள்கலன் விதியைத் திருத்துபவரும் அந்தக் கவனத்துக்குக் கட்டுப்பட்டவரே.

ஒரு விதிக்குக் குறைந்தது இரண்டு வகை நடிப்புகள் வேண்டும்: குரைக்க வேண்டியவை, குரைக்கக் கூடாதவை. இரண்டாவது வகையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொய் எச்சரிக்கைக்கு விதிவிலக்கு எழுதும் ஒவ்வொரு தடவையும், அந்தச் செயலே குரைக்கக் கூடாத நடிப்பாகச் சேர வேண்டும். கூடவே, விதிவிலக்குக்கு மிக அருகில் நிற்கும் ஒரு குற்றமும் குரைக்க வேண்டியதாகச் சேர வேண்டும். காப்பு நிரலுக்கு விலக்கு அளித்தால், அதே பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொரு நிரல் வேறு கோப்புறையிலிருந்து வந்தால் விதி விழிக்கிறதா என்று பார்ப்பது அந்த அருகாமைச் சோதனை. விதியின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை இந்த இணைதான் காட்டும். எச்சரிக்கை வந்தது என்பது மட்டும் போதாது. சரியான விதிதான் கூவியதா, அவசர அளவு சரியா, கொள்கலனின் பெயர் வாசகத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கொள்கலன் பெயர் வெறுமையாக வரும் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு நள்ளிரவில் யாரும் எதையும் செய்ய முடியாது.

இத்தனையையும் கையால் செய்ய ஒருவருக்கும் பொறுமை இராது. ஆகவே விதிக் கோப்புகள் நிரல்களைப் போலவே களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. யாராவது ஒரு வரியை மாற்றினால் போதும்: தற்காலிகக் கணினியொன்று தானாக எழுந்து, புதிய விதிகளை ஏற்றி, எல்லா நடிப்புகளையும் ஓட்டி, ஒன்று தவறினாலும் மாற்றத்தைத் தடுத்துவிடும். விதி மாறாவிட்டாலும் லினக்ஸ் கருவோ ஃபால்கோவோ புதிய பதிப்புக்கு மாறும்போது இதே ஓட்டம் வேண்டும். பேராதனைப் பொறியியல் பீடத்தைத் தளமாகக் கொண்டு நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பைப் போன்ற பெரிய ஏற்பாட்டுக்கும், கண்டி நகரில் ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் நிறுவனத்துக்கும் முறை ஒன்றுதான். தேவையான கருவிகள் இலவசம். ஒரு மடிக்கணினியிலேயே தொடங்கலாம்.

சோதனை இருந்தும் ஏமாறலாம் என்பதற்கு 2024 யூலை 19 சாட்சி. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் கண்காணிப்பு மென்பொருளுக்கு அனுப்பிய சிறு விதிப் புதுப்பிப்பு, மைக்ரோசொஃப்ட் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இலங்கை நேரம் காலை 9.39க்கு அது வெளிவந்தது, 10.57க்கு மீளப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறத் தொடங்கியிருந்தன. காரணத்தை நிறுவனமே பின்னர் விரிவாக வெளியிட்டது. விதியின் வடிவம் 21 தகவல்களை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்ததோ 20. முன்பு நடந்த சோதனைகளிலும் முதல் வெளியீடுகளிலும் 21ஆவது இடத்தில் ‘எதுவாயினும் சரி’ என்ற குறியே இருந்ததால், யாரும் அந்த இடத்தை உண்மையில் தொட்டுப் பார்க்கவில்லை. அன்று வந்த விதி முதன்முதலாக அங்கே ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் தேடியது. அது கொள்கலன் சம்பவமல்ல. ஆனால் விதி எழுதும் எவரும் இதைப் படித்தே ஆக வேண்டும். எதையும் ஏற்கும் தளர்வான எதிர்பார்ப்போடு எழுதிய சோதனை, தேர்ச்சி அறிக்கையைத் தவிர வேறெதையும் தராது.

சோதனையையே சோதிக்க எளிய வழியொன்று உண்டு. விதியை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. ஒரு ‘அல்ல’வைச் செருகலாம், பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கலாம். சோதனை அப்போதும் பச்சை விளக்கைக் காட்டினால், அந்த விதிக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய இந்த வேலை, மாதக்கணக்கான நம்பிக்கையைக் கலைத்துப் போடும்.

பின்னடைவுச் சோதனைக்கு எட்டாத இடமும் உண்டு. லினக்ஸில் 2019இல் சேர்க்கப்பட்ட ஐஓ-யூரிங் என்ற வசதி, கோப்பு, வலையமைப்பு வேலைகளை வழக்கமான முறைமை அழைப்புகள் இல்லாமலே செய்ய வைக்கிறது. குழாயடிக்கு வராமல் பின்பக்கக் கிணற்றில் தண்ணீர் எடுப்பது போன்றது அது. 2025 ஏப்ரலில் ஆர்மோ நிறுவன ஆய்வாளர்கள் அந்த வழியை மட்டும் பயன்படுத்தும் மாதிரித் தீநிரலை எழுதி, ஃபால்கோ உட்படப் பல கருவிகளின் கண்ணில் படாமல் இயக்கிக் காட்டினார்கள். பழைய நடிப்புகள் அத்தனையும் தேர்ச்சி பெற்ற நிலையிலும் இது நடக்கும். தெரிந்த குற்றங்களின் தொகுப்பில் இது அதுவரை இல்லை. புதிய தாக்குதல் ஒன்று வெளியானதும் அதை நடிப்பாக எழுதித் தொகுப்பில் சேர்ப்பது இதனால்தான் தொடர் வேலை. முதல் ஓட்டத்தில் அது தோற்கும். தோற்பதுதான் சரி, விதி எழுதப்பட்ட பிறகு தேற வேண்டும்.

பாரம் இன்னொரு சிக்கல். பல்கலைக்கழகமொன்றில் பாடப் பதிவு தொடங்கும் காலையில் மாணவர்கள் ஒரே நேரத்தில் நுழையும்போது முறைமை அழைப்புகள் வெள்ளமாக வரும். கருவி சிலவற்றைப் பார்க்காமலே தவறவிடும். நிசப்தமான பரிசோதனைக் கணினியில் தேறிய விதி அந்த நேரத்தில் தவறக்கூடும் என்பதால், நடிப்புகளில் சிலவற்றைச் செயற்கைப் பாரத்தின் நடுவிலும் ஓட்ட வேண்டும். எச்சரிக்கை பொறுப்பாளரின் கைத்தொலைபேசிவரை போய்ச் சேர்ந்ததா என்பதையும் இடையிடையே உண்மைச் சூழலில் பார்க்க வேண்டும். ‘ஒத்திகை’ என்ற அடையாளம் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும்.

விதிக்கும் ஆயுள் உண்டு. ஃபால்கோவின் பொது விதிகள் நிலையானவை, வளர்பவை, முயற்சி நிலையிலுள்ளவை, கைவிடப்பட்டவை என நான்காக வகுக்கப்பட்டுள்ளன. நிலையானவை மட்டுமே கருவியோடு இயல்பாக வரும். மற்றவற்றை நிர்வாகி தெரிந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு விதியைக் கைவிடும்போது அதன் நடிப்புகளையும் சேர்த்து அழிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. விதியை நீக்கினாலும் நடிப்பை வைத்திருப்பதே முறை. அந்தக் குற்றத்தை இனிப் பிடிக்க வேண்டியது எந்த விதி என்று களஞ்சியத்தில் எழுதி, அடுத்த ஓட்டத்தில் அந்த விதி கூவுகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையது நீக்கப்பட வேண்டும்.