கிழிப்பதா, கத்தரிப்பதா?

துணிக்கடையில் இரண்டு மீட்டர் பருத்தித்துணி கேட்டால், கடைக்காரர் பலர் அளந்து, கரையில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு இட்டு, சர்ரென்று கிழித்துத் தருவதை நாம் கண்டிருக்கிறோம். அவசரத்தினால் அப்படிச் செய்கிறார் என்று எண்ணுவோரும் உளர். உண்மை அதுவன்று. கத்தரி கையின் போக்கில் செல்லும். கிழிசலோ நூலின் போக்கில் செல்லும்.

துண்டுத்துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கும் தாய்மார்களுக்கு இது சிறிய விஷயமன்று. தறியில் நீளவாட்டில் ஓடுவது பாவு. அதனைக் குறுக்கே பின்னிச் செல்வது ஊடை. இவ்விரு நூல்களின் வழியே வெட்டப்பட்ட துண்டு அதிகம் இழுபடாது. மூலைவாட்டில் வெட்டியதோ, தையற்காரர் 'கிராஸ்' என்பாரே, அது ரப்பர் போல நீளும். சற்றே கோணலாக வெட்டிய துண்டுகளால் ஆன போர்வை, தைத்த அன்று அழகாக விரிந்திருக்கும்; இரண்டு சலவை கண்டதும் ஒரு மூலை தூக்கி, மறுமூலை தொங்கும். பல வார உழைப்பு அதோடு போயிற்று!

அவ்வாறாயின் எல்லாவற்றையும் கிழித்துவிடலாமே எனில், அதிலும் சேதமுண்டு. கிழிக்கும்போது நூல்கள் ஒவ்வொன்றாக இழுபட்டே அறுகின்றன. ஆகவே ஓரம் அலையலையாய்ச் சுருண்டு, பிசிறு எழுகின்றது. சில துணிகளில் இச்சேதம் கால் அங்குலத்தை எட்டுவதும் உண்டு. அமெரிக்க முறைப்படி ஒட்டுப்போர்வை தைப்போர் தையலுக்கு விடும் ஓரமே கால் அங்குலந்தான்! சேதமுற்ற ஓரத்தின்மீதே தையல் ஓடினால் அது எத்தனை நாள் நிற்கும்? அளவும் பிசகும். ஒரு துண்டுக்கு வீசம் அங்குலம் குறைந்தாலும், 20 துண்டுகள் சேர்ந்த வரிசையில் ஒன்றேகால் அங்குலம் குறைந்துவிடும். 1979-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரம் போல் உருளும் கத்தியை வெளியிட்டபின், ஒட்டுப்போர்வை தைப்போரிடையே துல்லியமாக வெட்டும் வழக்கம் பெருகியதில் வியப்பில்லை.

எனினும் எல்லா ஊரிலும் நியதி ஒன்றன்று. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். அவர்களுள் கத்தோலிக்கரும் உளர், இஸ்லாமியரும் இந்துக்களும் உளர். அவர்கள்தம் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழைய சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை நோக்கித் தைத்து வருவர். ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் உள்ளே மடித்தே தைப்பதால் பிசிறு வெளியே தெரியாது; துண்டுகள் ஒரே அளவில் இருக்கவும் வேண்டுவதில்லை. கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவை வடிவையும் அமைப்பதுண்டு. அவர்களிடம் போய்க் கிழிப்பதா, கத்தரிப்பதா என்று கேட்டால் சிரிப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் இல்லத்தாருக்கு நாம் கூறுவது இது: போர்வையின் அடித்துணி, நாற்புறமும் வைக்கும் நீண்ட பட்டை ஆகியவற்றைச் சற்று அகலம் கூட்டிக் கிழித்துக் கொள்ளுங்கள், இஸ்திரி போட்டு, பிசிறு ஓரத்தை வெட்டி எறியுங்கள். சிறு சதுரங்களையும் முக்கோணங்களையும் கத்தரியுங்கள். கிழிக்கவும் மனமில்லை, கண்ணளவிலும் நம்பிக்கையில்லை எனில், ஒரே ஒரு நூலை உருவி எடுங்கள். அவ்விடத்தில் தெரியும் மெல்லிய கோட்டின்மேல் கத்தரி ஓட்டினால் நேர்மையும் கிட்டும், ஓரமும் கெடாது. பொறுமை மட்டும் வேண்டும்.

கட்டம் போட்ட துணியில் ஓர் எச்சரிக்கை. லுங்கியைப் போல நூலிலேயே சாயமேற்றி நெய்த கட்டமாயின் கிழிசல் கட்டத்தோடு செல்லும். அச்சடித்த கட்டம் நூலுக்குக் கோணலாக விழுந்திருக்கலாம். கிழித்தால் கட்டத்தின் குறுக்கே ஓடிவிடும்.

புதுத்துணியை முதலில் நனைத்து உலர்த்த மறவாதீர்கள். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவதைப் பற்றி மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறியது, வீட்டில் தைப்பவரைக் கண்டறிந்தவர் பேச்சாகவே இருக்கிறது.

இறந்துபோன பாட்டியின் சேலையைப் பேரப்பிள்ளைக்குப் போர்வையாக்க எண்ணுவோர் மட்டும் அதனைக் கிழிக்கவே வேண்டா. பல்லாண்டு மடிப்பில் நைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. கிழிசல் அங்கே தொற்றிக்கொண்டால் முழங்கை நீளத்துக்குப் பாய்ந்துவிடும். அச்சேலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்து, நைந்த பகுதியை ஒதுக்கி, நல்ல பகுதியின் அடியில் மெல்லிய பருத்தித்துணி ஒன்றை வைத்துத் தையலிட்டபின் கத்தரிக்க வேண்டும்.