'டென்ஷன்' என்ற ஒற்றைச் சொல் போதுமா, தோழியரே?

"என்னம்மா, ஒரு மாதிரியா இருக்கே?" என்று நம் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் "ஒரே டென்ஷன்" என்பார்கள். பால் பொங்கி வழிந்தாலும் டென்ஷன், பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் டென்ஷன், ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் நெஞ்சு அடித்துக்கொண்டாலும் அதே டென்ஷன்தான்!

நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில், மத்தியான வேலை ஓய்ந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருகிறேன். காய்கறிப் பெயர், ரயில் டிக்கெட், பேங்க் செலான் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டு விடுகிறது. மனசுக்குள் நடப்பதைச் சொல்லச் சொன்னால்தான் வாயடைத்துப் போகிறார்கள். அதனால் அந்த வார்த்தைகளை மட்டும் தனியாக ஒரு மாதம் நடத்தினேன். வாசகியருக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

முதல் வார்த்தை 'நெர்வஸ்'. மேடை ஏறும் முன், இன்டர்வியூவுக்குப் பெயர் கூப்பிடும் முன், கை சில்லிட்டு அடிவயிறு கலங்குமே, அதுதான். காரியம் முடிந்தால் அதுவும் போய்விடும். "நெர்வஸ்னு சொன்னா நரம்புத் தளர்ச்சின்னு நினைச்சுக்க மாட்டாங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். மாட்டார்கள். 'நெர்வ்' என்றால் நரம்புதான். ஆனால் பேச்சு வழக்கில் 'நெர்வஸ்' என்றால் படபடப்பு, அவ்வளவே. இங்கிலீஷ்காரர்கள் வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறது என்பார்கள். நாம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். ஊர் எதுவானாலும் பயம் போய்ச் சேரும் இடம் வயிறுதான்!

அடுத்தது 'வொரீட்'. இன்ன விஷயம் என்று தெரிந்து கவலைப்படுவது. மகன் ஃபீஸ் பற்றிக் கவலை என்றால், "ஐ ஆம் வொரீட் அபவுட் மை சன்ஸ் ஃபீஸ்."

மூன்றாவது 'ஆங்ஷஸ்'. என்ன நடக்குமோ, ஏது நடக்குமோ என்று மனசு கிடந்து தவிப்பது. பல சமயம் காரணம்கூடப் பிடிபடாது. இந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் 'நெரிப்பது, இறுக்குவது' என்ற பொருள் கொண்டது. "நெஞ்சை அடைக்குது", "தொண்டையைப் பிடிக்குது" என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதையேதான். ஒன்று கவனியுங்கள். 'ஆங்ஷஸ் அபவுட்' என்றால் கவலை. 'ஆங்ஷஸ் டு மீட் யூ' என்றால் உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன் என்று அர்த்தம். கூட வரும் சின்னச் சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

நான்காவது 'பேனிக்'. திடீரென்று மூச்சு முட்டி, உடம்பு நடுங்கி, உயிரே போய்விடுமோ என்று தோன்றுகிற திகில்.

இதெல்லாம் வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனாள். இரண்டு மாதமாக நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை. அங்கே டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இவள் "டென்ஷன் டாக்டர்" என்றிருக்கிறாள். அவர் பி.பி. பார்த்து, நார்மல் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆடி மாதம் ஊருக்கு வந்தவள், "என்னத்தச் சொல்லி அவருக்குப் புரிய வைக்க டீச்சர்?" என்று கண் கலங்கினாள். நாலே வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். "ஐ ஃபீல் ஆங்ஷஸ் மோஸ்ட் ஆஃப் த டே. மை ஹார்ட் பீட்ஸ் வெரி ஃபாஸ்ட். ஐ கான்ட் ஸ்லீப். இட் ஸ்டார்டட் டூ மன்த்ஸ் அகோ." என்ன உணர்வு, உடம்பில் என்ன செய்கிறது, எத்தனை நாளாக என்ற மூன்றும் அதில் இருக்கிறது. அடுத்த முறை அதே டாக்டர் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டாராம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படிப் படபடக்கும் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மனநல ஆலோசகரிடமும் அனுப்பி வைத்தார். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள்.

இன்னொரு நுணுக்கம். "எனக்குப் பயமா இருக்கு" என்பது நம் பேச்சு. பயம் நம்மிடம் வந்துபோகும் விருந்தாளி மாதிரி. "நான் பயம்" என்று யாராவது சொல்வோமா? அதனால் இங்கிலீஷில் "ஐ ஆம்" வாயில் வராவிட்டால் "ஐ ஃபீல் நெர்வஸ்" என்று சொல்லுங்கள். இப்போது அப்படி இருக்கிறது, பிறகு போய்விடும் என்ற தொனி அதில் வந்துவிடும்.

தன்னம்பிக்கைக்கு வருவோம். 'கான்ஃபிடன்ஸ்' என்ற சொல்லின் லத்தீன் வேரும் 'நம்புவது' என்பதுதான். என் வகுப்புக்கு வரும் பெண்கள் எடுத்த எடுப்பில், "எனக்கு கான்ஃபிடன்ஸே கிடையாது டீச்சர்" என்பார்கள். மாமியார் மருந்துச் செலவு, சீட்டுப் பணம், பிள்ளைகள் படிப்பு, நாத்தனார் வளைகாப்பு என்று அத்தனையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுச் செய்கிறவர்கள்! இவர்களுக்கா தன்னம்பிக்கை இல்லை?

அதனால் "ஐ ஆம் நாட் கான்ஃபிடன்ட்" என்று முற்றுப்புள்ளி வைப்பதற்கு என் வகுப்பில் தடை. "ஐ ஆம் நாட் கான்ஃபிடன்ட் அபவுட் மை இங்கிலீஷ்" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். முதலாவது ஆளையே குறைத்துவிடுகிறது. இரண்டாவது, குறை எதில் என்று வரம்பு கட்டுகிறது. வரம்பு கட்டிய குறையைப் பயிற்சியால் சரிசெய்யலாம். கூடவே, "பட் ஐ ஆம் கான்ஃபிடன்ட் அபவுட்..." என்று தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையும் சேர்க்க வேண்டும். கணக்கு, தையல், சமையல் எதுவானாலும் சரி. போன வாரம் ஒருத்தி "மை பார்கெய்னிங்" என்றாள். திண்ணையே சிரித்தது. அவள் பேரம் பேசினால் புடவைக் கடைக்காரர் படும் பாடு எங்களுக்கல்லவா தெரியும்!

சபையில் பேசப் பயப்படுவது இன்று நேற்று வந்ததில்லை. வள்ளுவரே 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். கூச்சத்துக்கு இதில் இடமில்லை.

வீட்டிலேயே பழகலாம். ராத்திரி ஒரு பழைய டைரியில், அன்று மனசு எப்படி இருந்தது என்று ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம் எழுதுங்கள். மறுநாள் கண்ணாடி முன் நின்று உரக்கப் படியுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

வார்த்தை வழியைத்தான் காட்டும், மருந்தாகி விடாது. பல நாள் தவிப்பு தீராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, 2022 முதல் இருக்கிறது. அதில் தமிழிலேயே பேசலாம்.

டென்ஷன் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைக்காமல் பிரித்துப் பாருங்கள் தோழியரே, பாரம் பாதி குறையும்!

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை.