முயல் தேடும் நாய்கள்: பீகிளின் மூக்கும் தமிழக வேட்டை நாய்களின் கண்ணும்

முயல் வேட்டையில் நாயின் வேலை இரண்டு வகைப்படும். புதரில் பதுங்கியிருக்கும் முயலைக் கண்டறிந்து வெளியே கிளப்புவது ஒன்று. கிளம்பி ஓடும் முயலைத் துரத்திப் பிடிப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு மூக்கு வேண்டும். இரண்டாவது வேலைக்குக் கண்ணும் காலும் வேண்டும். இங்கிலாந்தில் உருவான பீகிள் முதல் வேலையில் பெயர் பெற்றது. தமிழகத்தின் கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் இரண்டாவது வேலையில் பெயர் பெற்றவை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன, அது இன்றைய தமிழகத்தில் எதற்குப் பயன்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொண்டை நாட்டில் ஒரு பழைய சான்று

முயலை நாய் கொண்டு கிளப்பும் முறை தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். அதன் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அந்நூலில் எயினர் என்னும் வேட்டுவர் முயல் பிடிக்கும் முறை கூறப்படுகிறது. அவர்கள் நாய்களுடன் சென்று பசும்புதர்களை அடித்துக் கலைக்கின்றனர். வேலியின் வாயில்களில் வலைகளைத் தொடராக மாட்டுகின்றனர். நீண்ட காதுடைய குறுமுயல் தப்ப வழியின்றி வளைத்துப் பிடிக்கின்றனர். இங்கே நாயின் வேலை கிளப்புவது, வலையின் வேலை பிடிப்பது. ஏறத்தாழ இதே வேலைப் பகிர்வுதான் பின்னாளில் பீகிளிடமும் எதிர்பார்க்கப்பட்டது.

இன்றைய திருத்தணி பழைய தொண்டை நாட்டின் வடபகுதியில் அமைந்துள்ளது. ஆந்திர எல்லையை ஒட்டிய இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது; தற்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. முருகனின் மலைக்கோயிலால் புகழ் பெற்ற இத்தலத்தின் கதையிலும் வேட்டை உண்டு. வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மகள் வள்ளி. முருகன் அவளிடம் முதலில் வேடன் உருவில் வந்தான் என்பது கந்தபுராண மரபு. முட்புதரும் பாறைக்குன்றும் வயலும் கலந்த இந்நிலப்பரப்பு முயலுக்கு மிகவும் ஏற்றது.

முயலும் குழிமுயலும்

தமிழில் 'முயல்' என்ற ஒரே சொல் இரு வேறு விலங்குகளைக் குறிக்கிறது. இவற்றைப் பிரித்தறியாமல் நாயின் திறமையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஐரோப்பாவைச் சேர்ந்த குழிமுயல் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். அதன் குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படும் முயல்கள் இவ்வகையின் வழிவந்தவை. நம் நாட்டுக் காட்டுமுயல் வேறு. லெபசு நிக்ரிகாலிசு என்னும் அறிவியல் பெயர் கொண்ட இது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே தன் உடலளவுக்கு ஒரு சிறு பள்ளம் செய்து பகலில் அதில் அசையாமல் கிடக்கும். மாலையில் வெளிவந்து இரவில் மேயும். குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். தென்னிந்திய முயலின் பிடரியில் கரிய பட்டை இருப்பதால் கருங்கழுத்து முயல் என்றும் கூறுவர்.

குழிமுயல் ஆபத்து வந்தால் வளைக்குள் நுழைந்துவிடும். காட்டுமுயலுக்கு வளை இல்லாததால் அசையாமல் கிடப்பதும் வேகமாக ஓடுவதுமே அதன் காப்பு. கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. எனவே அதைத் தேட மூக்குள்ள நாய் வேண்டும். ஓடத் தொடங்கினால் மூக்கை விட வேகமே பயன்படும்.

பீகிள் இனம்

வாசனையைத் தொடர்ந்து முயல் தேடும் நாய்கள் மிகப் பழையவை. கிரேக்க எழுத்தாளர் செனபோன், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே வேட்டை பற்றிய நூலில் இத்தகைய நாய்களை விவரித்துள்ளார். இன்றைய பீகிள் இனத்துக்கு அடிப்படை, 1830களில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிலிப் ஹனிவுட் என்னும் பாதிரியார் வளர்த்த நாய்க்கூட்டம் என்று கருதப்படுகிறது. இங்கிலாந்தின் பீகிள் சங்கம் 1890இல் தோன்றியது. சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த சித்திரக்கதை நாயான ஸ்னூப்பியும் ஒரு பீகிளே.

இதன் உயரம் தோளில் சுமார் 33 முதல் 40 செ.மீ.; எடை பெரும்பாலும் 9 முதல் 11 கிலோ. குட்டையான உறுதியான கால்கள், நெருக்கமான குறுமயிர், தொங்கும் நீண்ட காதுகள், நுனி வெளுத்த நிமிர்ந்த வால் ஆகியவை இதன் அடையாளங்கள்.

மூக்கு வேலை செய்யும் விதம்

மனிதனின் மூக்கில் வாசனையை உணரும் உயிரணுக்கள் சுமார் 50 லட்சம். பீகிள் போன்ற மோப்ப நாய்களில் இவை 20 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. எண்ணிக்கை மட்டும் போதாது. காற்று செல்லும் வழியும் முக்கியம். நாய் மோந்து இழுக்கும் காற்றில் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்லாமல், மூக்கின் பின்புறத்தில் வாசனை உணரும் அறைக்குச் செல்கிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளியேறுகிறது. இதனால் உள்ளே வரும் புதிய வாசனை கலைவதில்லை. நாய் ஒரு நொடியில் ஐந்து முறை வரை மோந்து பார்க்கும்.

முயல் சென்ற வழியில் அதன் உடல் வாசனையும், மிதிபட்ட புல், கிளறிய மண் ஆகியவற்றின் வாசனையும் கலந்து கிடக்கும். பழைய தடத்தில் இது மெலிந்தும் புதிய தடத்தில் செறிந்தும் இருக்கும். தேர்ந்த மோப்ப நாய் சில அடித்தடங்களை மோந்தே விலங்கு எந்தத் திசையில் சென்றது என்று கண்டுகொள்ளும்.

தொங்கும் காதுகள் வாசனையைத் திரட்டி மூக்கருகே நிறுத்துகின்றன என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்டு. ஆனால் மேற்கண்ட உள்ளமைப்பே திறமைக்கு உறுதியான காரணம்.

ஒரு சோதனை இதைத் தெளிவாக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் ஓர் ஏக்கர் வயலில் ஒரு சுண்டெலியை விட்டு, வெவ்வேறு இன நாய்களைத் தேடவிட்டனர். பீகிள்கள் சுமார் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தன. பாக்ஸ் டெரியர்களுக்குச் சுமார் 15 நிமிடம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

உடலும் குரலும் குணமும்

மூக்கு மட்டும் இருந்தால் முயல் கிளம்பிவிடாது. பீகிளின் ஏனைய இயல்புகளும் அந்த வேலைக்குப் பொருந்தியுள்ளன.

1. குட்டை உடல்: மூக்கு தரைக்கு அருகில் இருப்பதால் குனிந்தே நடக்க முடிகிறது. முட்புதருக்கு அடியிலும் நுழைய முடிகிறது.

2. நெருங்கிய மயிர்: முள் கிழிப்பதிலிருந்து ஓரளவு காக்கிறது.

3. வால் நுனி வெண்மை: உயர்ந்த புல்லில் நாய் எங்கே உள்ளது என்று காட்டுகிறது.

4. குரல்: தடம் கிடைத்ததும் நீட்டி ஊளையிட்டுக் குரைக்கும். கூட்டத்து நாய்களும் மனிதரும் அதைக் கேட்டுத் திசை அறிகின்றனர்.

5. விடாப்பிடி: தடம் அறுந்தால் அவ்விடத்தைச் சுற்றிச் சுற்றி மோந்து மீண்டும் பிடிக்கும்.

6. கூட்டு இயல்பு: பல தலைமுறைகள் கூட்டமாக வளர்க்கப்பட்டதால் பிற நாய்களுடன் சண்டையின்றி வேலை செய்யும்.

பீகிள் முயலை விட மெதுவாக ஓடும். இது குறையன்று. துரத்தப்படும் முயல் தனக்குப் பழகிய எல்லைக்குள்ளேயே வளைந்து ஓடி, புறப்பட்ட இடத்தருகே திரும்பி வரும் இயல்புடையது. நாய் மெதுவாகக் குரைத்துக்கொண்டு தொடர்ந்தால் முயல் வெகுதூரம் தப்பாமல் வட்டமிடும். வேடன் நடந்தே பின்தொடரலாம்.

கன்னியும் சிப்பிப்பாறையும்

தமிழகத்தின் தென்மாவட்டங்களில் வேறு வகை நாய்கள் வளர்ந்தன. சிப்பிப்பாறை நாய் விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரால் அழைக்கப்படுகிறது. கன்னி நாய் பெரும்பாலும் கரிய உடலும் பழுப்புக் குறிகளும் கொண்டது. இரண்டும் நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நீண்டு குறுகிய தலை உடையவை. பாய்ந்தோடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும். அசைவைக் கண்டதும் சத்தமின்றிப் பாயும். திறந்த கரிசல் காட்டில் இந்த முறை மிகப் பொருத்தமானது. இராசபாளையம், கோம்பை நாய்கள் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றவை.

பீகிள் ஈரமான புல்வெளிக்கும் புதர்க்காட்டுக்கும் ஏற்ப உருவானது. வாசனை ஈரத்தில் நிலைக்கும். சூடேறிய உலர் மண்ணில் விரைந்து கலைந்துவிடும். திருத்தணியைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் கோடை நண்பகலில் மோப்பம் பிடிப்பது எந்த நாய்க்கும் கடினம். பனி விழும் மார்கழி விடியலில் அதே நிலத்தில் தடம் தெளிவாக இருக்கும். ஒரு நாட்டின் நாய் அந்நாட்டின் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அமைகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சட்டம் சொல்வது

இந்தியாவில் காட்டுமுயலை வேட்டையாடுவது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. முயலும் அப்பட்டியலில் உள்ளது. வேட்டை என்பது கொல்வது மட்டும் அன்று. நாய் விட்டுத் துரத்துதல், விரட்டுதல், கண்ணி வைத்தல், வலை விரித்தல், இவற்றுக்கு முயலுதல் ஆகியவற்றையும் வேட்டை என்றே சட்டம் வரையறுக்கிறது. எனவே முயல் அகப்படாமல் தப்பினாலும் நாயை ஏவியவர் குற்றம் செய்தவரே. சொந்தப் பட்டா நிலம் என்பதும் இதற்கு விலக்காகாது.

தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் திருவிழாவை ஒட்டி முயல் வேட்டைக்குச் செல்லும் வழக்கம் இருந்து வருகிறது. மரபு என்று கருதி இளைஞர்கள் இதில் ஈடுபட்டு வழக்கில் சிக்குவதுண்டு. பீகிளின் தாய்நாட்டிலும் நிலை மாறிவிட்டது. இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் நாய்களைக் கொண்டு காட்டுமுயல் வேட்டையாடுவதைத் தடை செய்தது.

இன்றைய பயன்

வேட்டை நின்றாலும் மூக்கு வீணாகவில்லை. 1984இல் அமெரிக்க வேளாண்மைத் துறை லாஸ் ஏஞ்சலீஸ் விமான நிலையத்தில் பீகிள்களைப் பணியில் அமர்த்தியது. பயணிகளின் பெட்டிகளில் மறைந்துள்ள பழம், இறைச்சி ஆகியவற்றை அவை கண்டறிந்தன. பயிர்நோயும் கால்நடை நோயும் நாட்டுக்குள் வராமல் தடுப்பதே நோக்கம். சிறிய உருவமும் சாதுவான குணமும் இருப்பதால் பயணிகள் அஞ்சுவதில்லை.

நாட்டு நாய்களும் கவனம் பெற்றுள்ளன. இராசபாளையம், முதோல் இனங்கள் 2005இல் இந்திய அஞ்சல் தலைகளில் இடம் பெற்றன. தமிழக அரசின் கால்நடைத் துறை முன்பு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனங்களைப் பெருக்கி வந்தது.

வீட்டில் வளர்ப்போர் அறிய வேண்டியவை

நகரங்களில் அழகுக்காகப் பீகிள் வாங்குவோர் பலர். அது மூக்கின் வழி நடக்கும் நாய் என்பதை மறந்தால் தொல்லை வரும். தடம் கிடைத்தால் கூப்பிட்டாலும் திரும்பாது. ஆகவே சாலையில் கயிறின்றி விடலாகாது. வேலையின்றி அடைத்து வைத்தால் நீண்ட நேரம் ஊளையிடும். அண்டை வீட்டாரின் புகாரால் பின்னர் தெருவில் விடப்படும் நாய்களும் உண்டு. உணவில் பெருவிருப்பம் உள்ளதால் எளிதில் உடல் பருக்கும். தொங்கும் காதுகளில் ஈரம் தங்கி நோய் வரலாம். வாரந்தோறும் பார்க்க வேண்டும். கோடையில் அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டுமே நடக்க அழைத்துச் செல்வது நல்லது.

தேடும் இயல்பை அடக்க முடியாது, மாற்றித் தரலாம். துணிக்குள்ளோ பெட்டிக்குள்ளோ தீனியை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது எளிய பயிற்சி. பத்து நிமிடத் தேடலிலேயே அதன் மூக்குக்கு வேண்டிய வேலை கிடைத்துவிடும். கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்போர், வேலியிட்ட திடலில் நாள்தோறும் ஓடவிட்டால் போதும். அதற்கு முயல் தேவையில்லை.