கிரிப்டோ வாங்கலாமா? கடனை ஏ.ஐ. மறுக்கலாமா?

மிளகு விற்ற காசைக் கைபேசிச் செயலியில் போடலாமா என்று கேட்பவர்கள் உக்குவெல, ரத்தோட்டைப் பக்கம் இப்போது பலர். மாத்தளை மாவட்டத்தில் பொதுவாக எழும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு விளக்கம் தருகிறோம்.

கிரிப்டோ வாங்குவது குற்றமா?

வைத்திருப்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. ஆனால் கிரிப்டோ பரிமாற்ற நிலையம் நடத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி பல ஆண்டுகளாகவே எச்சரித்து வருகிறது. 2021 இல் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த பணிப்புரையின்படி, வங்கி அட்டையால் கிரிப்டோவுக்குப் பணம் கட்டவும் முடியாது. வைத்திருக்கத் தடையும் இல்லை, காப்பும் இல்லை. கிரிப்டோ சேவை வழங்குநர்களைப் பதிவு செய்வது பற்றி அரசு பேசி வருகிறது. அதன் முதல் நோக்கம் கறுப்புப் பணத்தைத் தடுப்பது. உங்கள் நட்டத்தை ஈடு செய்வதல்ல.

பிளொக்செயினில் போட்ட பணத்தை யாராலும் அழிக்க முடியாது என்று ஆள் சேர்க்கும் கூட்டத்தில் சொன்னார்களே?

பிட்கொயின் போன்ற திறந்த பிளொக்செயினில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீடு உண்டு. யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தக் கூட்டங்களில் நடப்பது வேறு. வட்ஸ்அப் குழுவில் ஒரு கணக்கு இலக்கம் வரும். பெரும்பாலும் யாரோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. வைப்பு இயந்திரத்தில் 50,000 ரூபாவைப் போட்டு, சீட்டைப் படமெடுத்து அனுப்புவீர்கள். சற்று நேரத்தில் செயலியில் டொலர் கணக்கில் ஒரு தொகை தெரியும். ரூபா போனது அந்த ஆளின் கணக்குக்கு. திரையில் தெரிவது செயலிக்காரர் தட்டிய எண். பரிமாற்றக் குறியீட்டைக் கேளுங்கள். மழுப்பினால், அங்கே பிளொக்செயினே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: உண்மையான பிளொக்செயின் என்றாலும், அழிக்க முடியாது என்பது ஏமாந்து அனுப்பிய தொகைக்கும் பொருந்தும். வங்கியைப் போல அதைத் திருப்பித் தர அங்கே எவருமில்லை.

ஏ.ஐ. வியாபாரம் செய்தால் நட்டம் வராதாமே?

எம்.டி.எஃப்.இ. என்ற செயலியும் ஏ.ஐ. பெயரைச் சொல்லித்தான் வங்காளதேசத்திலும் இலங்கையிலும் ஆள் சேர்த்தது. 2023 ஆகஸ்டில் அது சரிந்தபோது, வங்காளதேசத்தில் பலருடைய இருப்பு ஒரே இரவில் கடனாக மாறிக் காட்டியது. ஒன்மெக்ஸ் டிடி, ஸ்போர்ட் செயின் ஆகியவற்றோடு அதுவும் மத்திய வங்கியின் தடைசெய்யப்பட்ட பிரமிட் (ஆள்மேல் ஆள் சேர்க்கும்) திட்டங்களின் பட்டியலில் இருக்கிறது.

இப்படி ஒரு திட்டத்தில் அக்காவையும் மச்சானையும் சேர்த்துவிட்டேன். நானும் குற்றவாளியா?

ஆகலாம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின்படி, பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சேர்ப்புத் தரகு வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உடனே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம்.

என் கடன் விண்ணப்பத்தைக் கணினியே நிராகரித்துவிட்டதாம். யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் கிரிப் (கடன் தகவல் பணியக) அறிக்கையைப் பெற்றுப் பாருங்கள். பழைய தவணை ஒன்று கட்டாததாகவே கிடக்கலாம். இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. அந்தச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. வர்த்தமானியில் திகதி வரும் வரை அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஏ.ஐ.க்கென்று தனிச் சட்டம்?

இலங்கையில் இல்லை, தேசிய உபாய வரைவு மட்டும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம் 2024 ஆகஸ்ட் 1 இல் அமுலுக்கு வந்தது. கடன் தகுதியை மதிப்பிடும் மென்பொருளை அது அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. நமக்கும் முதலில் தேவைப்படுவது அந்தப் பகுதிதான் என்பது என் கருத்து.

மத்திய வங்கி ஆளுநரே முதலீடு செய்யச் சொல்லும் காணொளி வந்ததே?

போலி. ஆளுநர் எந்த முதலீட்டையும் விற்பதில்லை. பணம் அனுப்பிவிட்டால் முதலில் உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள், பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். ஒரு திட்டத்தின் பெயரைச் சரிபார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் மாத்தளையிலேயே இருக்கிறது; தொலைபேசியில் 1935. போகும்போது வைப்புச் சீட்டையும், பணம் போட்ட கணக்கின் இலக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.