வெயிலில் வீரியம் கூடும் நஞ்சு

பூச்சிமருந்து அடிக்கப் போகிறவர்கள், ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்றுவது என்று தவறாமல் கேட்டுக்கொள்கிறார்கள். எந்த நேரத்து வெயிலில் அடிப்பது என்பதும் அதே அளவுக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே ஆள் என்றாலும், காலை ஏழு மணிக்கு உடலில் ஏறும் நஞ்சைவிட நண்பகலில் ஏறும் நஞ்சு கூடுதலாக இருக்கும்.

எலிகள் காட்டிய வழி

நஞ்சுக்கும் உடல் வெப்பத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டோபர் கோர்டன். வட கரோலினாவில் உள்ள அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். வெப்பமும் நச்சியலும் குறித்த அவருடைய நூல் 2005இல் வெளிவந்தது.

எலியின் வயிற்றுக்குள் சிறு ரேடியோ கருவியைப் பொருத்தி, அதன் உடல் வெப்பத்தை இரவும் பகலும் அவர் கண்காணித்தார். குளோர்பைரிபாஸ் என்ற ஆர்கனோ பாஸ்பேட் பூச்சிமருந்தைக் கொடுத்ததும் முதலில் உடல் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி நீங்கிய பிறகு சில நாட்களுக்குக் காய்ச்சல் அடித்தது. நஞ்சேறிய எலிகள் தாமாகவே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போனதையும் அவர் கவனித்தார். உடல் குளிர்ந்தால் உள்ளே நடக்கும் வேதிவினைகள் மெதுவாகும். பல நஞ்சுகளின் கேடும் தணியும். பிழைப்பதற்கு உடல் எடுக்கும் முயற்சி அது. சூழல் வெப்பமாக இருந்தால் அந்த முயற்சி பலிப்பதில்லை.

எலி சிறிய உடம்பு, சட்டென்று குளிர்ந்துவிடும். மனித உடம்பு அத்தனை விரைவில் குளிராது. அதனால் எலி பெறும் இந்தப் பாதுகாப்பு நமக்கு அதே அளவில் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

வியர்வை திறக்கும் வாசல்

நம் உடல் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருப்பது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி. வெயிலில் வேலை செய்யும்போது, சூட்டை வெளியேற்ற அது தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது, வியர்க்க வைக்கிறது, மூச்சும் வேகமாகிறது. மருந்தடிப்பவருக்கு இவை மூன்றுமே ஆபத்தாக முடிகின்றன. நனைந்த தோலில் மருந்து ஒட்டித் தங்குகிறது. தோலுக்கு வந்த இரத்தம் அதை உள்ளே எடுத்துச் செல்கிறது. வேகமான மூச்சு, தெளிப்புத் துளிகளைக் கூடுதலாக இழுக்கிறது.

கையுறையும் கோட்டும் அணிந்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பு கொதிக்கிறது. தாங்க முடியாமல் கழற்றினால் நஞ்சு நேரே தோலில் படுகிறது. பாதுகாப்பு உடை அணியாத தொழிலாளியைக் குறை சொல்வதற்கு முன், அவரை எந்த நேரத்தில் வயலில் இறக்கினோம் என்று யோசிக்க வேண்டும். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகும் இதில் அலட்சியம் கூடாது.

வெயில் மயக்கமா, விஷமா?

தலைவலி, குமட்டல், தளர்ச்சி, வியர்வை ஆகியவை இரண்டிலும் வரும். ‘வெயில் தாங்கவில்லை, கொஞ்சம் மோர் குடித்துவிட்டு மறுபடி போ’ என்று அனுப்பிவிடுவதில்தான் உயிர் போகிறது. ஆர்கனோ பாஸ்பேட் நஞ்சில் கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும்; எச்சில் ஒழுகும்; கண்ணில் நீர் வடியும்; தசைகள் துடிக்கும்; மூச்சு திணறும். இவற்றில் எதைக் கண்டாலும், ஏன், சந்தேகம் வந்தாலே போதும், வேலையை நிறுத்திவிட வேண்டும்.

அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, நனைந்த உடையைக் களைந்து, சோப்பும் நிறைய நீரும் கொண்டு கழுவுங்கள். உதவுகிறவர்களும் கையுறை அணிவது நல்லது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். மருந்துப் புட்டியின் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் கொடுக்கும் அட்ரோபின் ஊசி வியர்வையைக் கட்டுப்படுத்துவதால் உடல் சூடு ஏறலாம். எனவே சிகிச்சையின்போதும் வெப்பத்தைக் கண்காணிப்பார்கள்.

செய்ய வேண்டியவை

• அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ மட்டும் மருந்தடியுங்கள்.

• முதுகில் சுமக்கும் டேங்க் ஒழுகுகிறதா என்று முன்பே பாருங்கள். சட்டை நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

• கை கழுவாமல் தண்ணீர், வெற்றிலை, பீடி எதையும் தொடாதீர்கள்.

• இடையிடையே நிழலில் ஓய்வெடுத்து, நீர் அருந்துங்கள்.

• வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் குளியுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

இவற்றுள் முதலாவது கூலிக்காரரின் கையில் இல்லை. நிலத்துக்காரரின் கையில் இருக்கிறது. உச்சி வெயிலுக்கு முன் வேலையை நிறுத்தச் சொல்லி, முழு நாள் கூலியும் கொடுங்கள். மீதி வயலை நாளைக்கு அடித்துக்கொள்ளலாம்.