அதிவேகச் சில்லுகளின் சோதனையில் சிக்கனம்

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் வடிவமைத்த ‘சக்தி’ வரிசைச் சில்லு ஒன்று, 2018-ஆம் ஆண்டில் மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் உருவாயிற்று. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவும் இன்று தாங்களே வடிவமைத்த சில்லுகளைக் கையிற் பெறும் நிலையை எய்தி வருகின்றன. ஒரு சில்லு உருப்பெற்று வரப் பல மாதங்கள் ஆகின்றன. வந்து சேர்வனவோ மிகச் சிலவே. அவற்றுள் நல்லதொரு சில்லு சோதனையின்போது பழுதுடையதென ஒதுக்கப்படுமாயின், பணத்தோடு மாணவரின் நெடுநாள் உழைப்பும் வீணாகும். குற்றம் சில்லினுடையதாக இராமல், அதைத் தாங்கும் சாக்கெட்டினுடையதாகவோ, இணைக்கும் பலகையினுடையதாகவோ இருத்தல் கூடும். ஆகவே இவ்விரண்டையும் குறைந்த செலவில் தக்கவாறு தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்திருத்தல் அவசியம்.

ஊசியின் நீளம்

சில்லைப் பற்றாசு வைத்து ஒட்டாமலே சோதனைப் பலகையுடன் இணைக்கும் கூடுதான் சாக்கெட்டு. சுருள்வில் ஊசிகளால் ஆன சாக்கெட்டே பெருவழக்காக உள்ளது. சிறு குழாயினுள் ஒரு சுருள்வில்லும், அதனால் உந்தப்படும் முனையும் அமைந்திருக்கும். சில்லை மேலிருந்து அழுத்தினால் முனைகள் அதன் தொடுபுள்ளிகளை இறுகப் பற்றும்.

இவ்வூசி மெதுவான மின்சைகைக்கு வெறும் கம்பி போன்றதே. ஆயினும் விரைவான சைகைக்கு அது ஒரு தடையாகிறது. சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசியின் மின்தூண்டல் எண் 1 நானோஹென்றி அளவினது எனக் கொள்வோம். அதிர்வெண்ணையும் தூண்டல் எண்ணையும் பெருக்கி, அதனை 2π-ஆல் மேலும் பெருக்கினால் மின்மறுப்பு கிடைக்கும். 10 மெகாஹெர்ட்ஸில் இது 0.06 ஓம் மாத்திரமே. 10 கிகாஹெர்ட்ஸிலோ 63 ஓம் ஆகிறது. அதிவேகச் சுற்றுகள் பெரும்பாலும் 50 ஓம் அளவுக்கே வகுக்கப்படுவதால், சைகையின் ஒரு பகுதி ஊசியில் மோதித் திரும்பிவிடும்.

இதற்குப் பரிகாரம் ஊசியைக் குறுக்குவதே. மின் கடத்தும் உலோகத் துகள்களைப் பொதிந்த மெல்லிய சிலிகோன் ரப்பர் தகட்டைச் சில்லுக்கும் பலகைக்கும் இடையே வைத்து அழுத்தும் முறை ஒன்று உண்டு. மின்னோட்டம் கடக்கும் தூரம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் சைகை பெரிதும் சிதைவதில்லை. எனினும் ரப்பர் நாளடைவில் நெகிழ்ச்சியை இழக்கும். அப்போது தகடு முழுவதையும் மாற்ற வேண்டும். சுருள்வில் சாக்கெட்டிலோ தேய்ந்த ஊசியை மட்டும் மாற்றினால் போதும். எண்ணற்ற தடவை சோதிக்க வேண்டிய தொழிற்சாலைக்கு ஊசியும், வேகம் மிகுந்த ஒரு சில சில்லுகளைச் சோதிக்கும் ஆய்வகத்துக்குத் தகடும் பொருந்தும்.

பலகையும் தூரமும்

எஃப்.ஆர்.-4 எனப்படும் கண்ணாடியிழை எப்பாக்சிப் பலகை மலிவானது, எங்கும் கிடைப்பது. உயர் அதிர்வெண்ணில் அது சைகையின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்கிவிடுகிறது. பீங்கான் தூள் கலந்த விசேஷப் பலகைகளில் இவ்விழப்பு மிகவும் குறைவு. விலையோ பல மடங்கு. பலகையின் மின்காப்புப் பொருளால் நேரும் இழப்பை மட்டும் கணக்கிட்டால், 100 மில்லிவோல்ட்டாகப் புறப்படும் சைகை 15 சென்டிமீட்டர் சென்றபின் எஞ்சுவது எவ்வளவு என்பதைக் காண்போம். 1 கிகாஹெர்ட்ஸில் எஃப்.ஆர்.-4 பலகையிலேயே சுமார் 94 எஞ்சும். 10 கிகாஹெர்ட்ஸில் அப்பலகையில் 52 மாத்திரமே மிஞ்ச, விசேஷப் பலகையில் 89 மிஞ்சும்.

இனி, மலிவான அதே பலகையில் தூரத்தை 2 சென்டிமீட்டராகக் குறைத்தால் 10 கிகாஹெர்ட்ஸிலும் சுமார் 92 எஞ்சுகிறது! விலையுயர்ந்த பலகையில் நெடுந்தூரம் செல்வதைவிட இது மேலானது. ஆகவே முதலில் தூரத்தைக் குறைக்க வேண்டும். அதன் பின்னரே பொருளை மாற்றுவதுபற்றி எண்ண வேண்டும். தூரத்தைக் குறைக்க இயலாதவிடத்து, அதிவேகச் சைகை செல்லும் மேலடுக்கை மட்டும் விசேஷப் பொருளால் அமைத்து, ஏனைய அடுக்குகளை எஃப்.ஆர்.-4 பொருளால் அமைக்கலாம்.

முலாமும் தேய்மானமும்

ஊசி அழுந்தும் புள்ளிகளுக்குக் கடினத் தங்க முலாம் வேண்டும். தடங்களின் முழு நீளத்துக்கும் அது தேவையில்லை. தங்கத்தின் அடியில் இடப்படும் நிக்கல் செம்பைப் போல் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவதன்று. 10 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஒரு மைக்ரானுக்கும் குறைந்த ஆழத்திலேயே பாய்வதால், தடத்தின் மேற்பூச்சும் வழுவழுப்பும் முக்கியமானவை. சில்லின் பற்றாசிலுள்ள வெள்ளீயம் ஊசியின் தங்க முனையில் ஒட்டித் துருவேறும்போது தொடுதடை உயரும். முனைகளை அவ்வப்போது துலக்குதல் செலவற்ற பாதுகாப்பு முறையாகும். இடைவிடாது சோதிப்போர் பல்லேடியக் கலப்புலோக முனைகளை நாடுவர்.

எளிய சோதனை

தொடுதடையை மாணவர்களே அளக்கலாம். சாதாரண மீட்டரின் கம்பிகளுக்கே சில பத்தின் பங்கு ஓம் தடை உண்டாகையால், இரு கம்பி அளவீடு இங்குப் பயன்படாது. தொடுபுள்ளியின் வழியாக 0.1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரு கம்பிகளால் அதன் இருபுறமும் உள்ள மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 5 மில்லிவோல்ட்டு காட்டினால் தடை 50 மில்லிஓம். வாரந்தோறும் இதைக் குறித்து வந்தால், முனை கெடுவது முன்கூட்டியே தெரியவரும். தடை சரியாக இருப்பதால் மட்டும் அதிவேகச் சைகை செவ்வனே செல்லும் என்று கருதலாகாது. தடை உயர்ந்திருப்பின் சாக்கெட்டை ஐயுறலாம்.

இன்னொரு வழியும் உண்டு. வந்த சில்லுகளுள் இரண்டைச் சாக்கெட்டு இல்லாமல் நேராகப் பலகையில் பற்றாசிட்டு, ஒப்பீட்டுக்கென வைத்துக்கொள்க. அவை சரிவர இயங்க, சாக்கெட்டிலிட்டவை மட்டும் பிழை காட்டினால், முதலில் ஆராய வேண்டியது சாக்கெட்டே.

வினாடிக்கு 500 கோடி பிட்டுகள் செல்லும் சைகையின் அடிப்படை அதிர்வெண் 2.5 கிகாஹெர்ட்ஸ், அதன் விளிம்புகள் கூர்மையாக இருக்க மும்மடங்கு அதிர்வெண்ணும் கடந்து செல்ல வேண்டும். தம் சில்லுக்குரிய இந்த அளவைக் கணக்கிட்டறியாமல் விலைப்பட்டியலைக் கையில் எடுத்தலாகாது. அளவை அறிந்து, தூரத்தைக் குறைத்து, எஞ்சிய இடத்தில் மட்டும் பணத்தைச் செலவிடும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவர்களிடம் வளர்ப்பார்களாயின், சிறிய ஆய்வகமும் நம்பத்தக்க முடிவுகளைத் தரும்.